மதிலும் மண்ணும்: பர்கண்டிச் செம்மதுவும் குளோ த வூஜோ நிலவரலாறும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பிய மரபு. ஒரு நிலத்தில் விளைவன, வாழ்வன, ஒலிப்பன யாவும் அவ்விரண்டின்வழிப் பிறப்பன என்னும் அவ்வகுப்பு இலக்கியத்திற்கு உரியது, பயிர்த்தொழிலுக்கு வகுக்கப்பட்டதன்று. எனினும், நிலமே விளைபொருளின் குணத்தை ஆக்குகிறது என்னும் கருத்தைத் தம் வாழ்வின் அடிப்படையாகவும், பின்னர்ச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்ட மக்கள் வேறிடத்தும் உளர். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியார் தம் சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசும்போது கொடியைப் பற்றியோ வடிப்பவரைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. எந்த நிலத்துண்டு என்றே கேட்பர். இந்த நிலக்கொள்கை இயற்கையின் உண்மையா, வரலாற்றின் ஆக்கமா என்னும் வினா அந்நாட்டு அறிஞரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வினாவை ஒரே ஒரு தோட்டத்தின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்தோட்டம் குளோ த வூஜோ. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடைய, மதில் சூழ்ந்த நிலம் அது.

சொல்லும் நிலமும்

பிரெஞ்சு மொழியில் இக்கொள்கையைக் குறிக்கும் பொதுச்சொல் ‘தெர்ருவார்’ என்பதாகும். மண், பாறை, சரிவு, வெயில், நீர்வடிகால் ஆகியவற்றோடு அங்கு உழைக்கும் மனிதரின் வழக்காறும் சேர்ந்த ஒன்றை அச்சொல் சுட்டும். தமிழில் ‘மண்வாகு’ எனலாம். முற்றும் பொருந்தும் என்று சொல்ல இயலாது. பர்கண்டியாருக்கு இதனினும் நெருக்கமான சொல் ‘கிளிமா’. பிற பிரெஞ்சுக்காரருக்குத் தட்பவெப்பத்தைக் குறிக்கும் இச்சொல் பர்கண்டியில் மட்டும் எல்லை வகுக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட நிலத்துண்டினைக் குறிக்கிறது. இதன் கிரேக்க மூலம் சரிவு என்னும் பொருளுடையது. வானிலையைக் குறித்த சொல் மண்ணுக்கு வந்ததா, சரிவைக் குறித்த பழம்பொருள் உழவர் வாயில் எஞ்சியதா என்பது சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவையான வினா. 2015 ஜூலையில் யுனெஸ்கோ பர்கண்டியின் கிளிமாக்களை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது அவற்றின் எண்ணிக்கை 1,247 எனக் கணக்கிடப்பட்டிருந்தது.

இவை அமைந்துள்ள கோத் தோர் என்னும் மலைச்சரிவு திஜோன் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்திற்குச் செல்கிறது. ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணக்களிமண்ணும் மாறி மாறி அடுக்கிய பாறை. சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு தாழ்ந்தபோது பிளந்து படிப்படியாக இறங்கியமையால் சில அடிகளுக்குள்ளேயே அடிப்பாறை மாறிவிடுகிறது. கிழக்கு நோக்கிய சரிவாதலின் காலை வெயில் முதலில் விழும். உச்சியில் மண் மெலிந்தது, குளிர்ந்தது. அடியில் மண் ஆழமானது, நீர் தேங்குவது. இவற்றிற்கு இடைப்பட்ட குறுகிய பட்டையே சிறந்த நிலம் என்பர். இங்குப் பயிராகும் செந்திராட்சை பெரும்பாலும் ஒரே வகை. மெல்லிய தோலும் குறைந்த விளைச்சலும் உடைய பினோ நுவார். கொடி ஒன்றாகவே இருப்பதால் சுவை வேறுபாட்டிற்கு நிலமே காரணம் என்னும் வாதம் இங்கு வலுப்பெற்றது.

தொடக்கமே சரிவில் அமைந்ததா என்பது ஐயத்திற்குரியது. ஜெவ்ரே-ஷாம்பெர்தன் என்னும் ஊரில் 2008இல் வெளிப்பட்ட கி.பி. முதல் நூற்றாண்டுத் திராட்சைத் தோட்டத்தின் நடவுக்குழிகள் இன்று போற்றப்படும் சரிவில் இல்லை. ஊருக்குக் கீழே சமநிலத்தில் உள்ளன. கி.பி. 312 அளவில் ஓதன் நகரத்துச் சொற்பொழிவாளர் ஒருவர் பேரரசர் கான்ஸ்டன்டைன் முன் நிகழ்த்திய உரையில், இப்பகுதியின் கொடிகள் முதிர்ந்து வேர் பின்னிக் கிடப்பதையும் கீழ்நிலம் சதுப்பாகிவிட்டதையும் எடுத்துரைத்து வரிக்குறைப்புக்கு நன்றி கூறியுள்ளார். மதுவின் புகழைப் பாடும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று வரித்துன்பம் பற்றிய உரையாக இருப்பது எண்ணத்தக்கது. (யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பதும், அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடிகள் கிடைத்ததும் அறிஞர் நன்கறிந்தவை. அந்த மது கடல்வழி வந்தது. உள்நாட்டுப் பர்கண்டிக்கு அத்தகைய கடல்வழி இல்லை என்பது பின்னர் வரும் வாதத்திற்கு வேண்டப்படும்.)

துறவிகளும் மதிலும்

1098இல் மொலெம் மடத்துத் தலைவராயிருந்த இராபர்ட் சிலருடன் வெளியேறி, மலைச்சரிவுக்குக் கிழக்கே சமவெளியில், காடும் சதுப்புமான சித்தோ என்னுமிடத்தில் புதிய மடம் ஒன்றை நிறுவினார். சிஸ்டெர்சியத் துறவியர் எனப்படுவோர் இவர் வழியினரே. தம் உடலுழைப்பால் உண்ண வேண்டும் என்பது அவர்தம் ஒழுக்கநெறி. வழிபாட்டிற்கு மது தேவை. சதுப்பிலோ திராட்சை விளையாது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வூஜோ ஓடையருகே சரிவில் நிலக்கொடைகள் வரத் தொடங்கின. தம் ஆன்மாவின் நலத்திற்காகப் பிரபுக்கள் கொடுத்தனர். கொடுக்காதவற்றைத் துறவியர் விலைக்கு வாங்கினர். இடையில் சிக்கியவற்றை மாற்றிக்கொண்டனர். இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த நிலம் முழுவதையும் மதில் சூழ்ந்தது 1336 வாக்கில் ஆகும்.

சோழர் செப்பேடுகளையும் கோயில் கல்வெட்டுகளையும் பயின்றோர்க்கு இந்நிகழ்ச்சி அயலாகத் தோன்றாது. கொடை ஆவணம் நிலத்துக்கு நாற்பாலும் எல்லை சொல்லுகிறது. எல்லை சொல்வதால் நிலம் பெயர் பெறுகிறது. அரசு மாறினும் அப்பெயர் நிற்கிறது. பெண்யானையை நடத்தி எல்லை குறித்த ஆனைமங்கலச் செப்பேட்டு முறைக்கும் கல்மதில் எடுத்த வூஜோ முறைக்கும் செயலில் வேற்றுமை உண்டு. எழுத்தாலும் சடங்காலும் நிலத்தை ஆக்குவதில் வேற்றுமையில்லை. அளவைச் சொற்களிலும் ஓர் ஒப்புமை உண்டு. பர்கண்டித் தோட்டக்காரர் பயன்படுத்திய ‘உவ்ரே’ என்னும் அளவு சுமார் 4.28 ஆர், ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கும் நிலம் என்பது அதன் பொருள். எட்டு உவ்ரே ஒரு ‘ஜூர்னால்’. நிலத்தை உழைப்பாலேயே அளந்தவர்கள் பின்னாளில் உழைப்பை மறந்து மண்ணை மட்டும் போற்றத் தொடங்கினர் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

துறவியர் மண்ணை நாவில் இட்டுச் சுவைத்து நிலங்களைப் பிரித்தனர் என்னும் கதை ஏறத்தாழ எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. அதனை மரபுக்கதையாகவே கொள்ளுதல் தகும். தோட்டத்தின் மேற்பகுதி மதுவைப் போப்பாண்டவர்க்கும், நடுப்பகுதி மதுவை மன்னர்க்கும், அடிப்பகுதி மதுவை ஆயர்களுக்கோ துறவியர்க்கோ ஒதுக்கினர் என்னும் கதையும் பல வடிவங்களில் வழங்குகிறது. இக்கதை வரலாற்றுச் சான்றாகாது எனினும் ஒன்றைத் தெரிவிக்கிறது: மதிலுக்குள் நிலம் ஒரு தன்மையதன்று என்பதை ஊரார் எப்போதும் அறிந்திருந்தனர்.

நிலநூலும் அதையே கூறுகிறது. தோட்டத்தின் தலைப்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 260 மீட்டர், அடிப்பகுதி சுமார் 240 மீட்டர் உயரத்தில் உள்ளன. மேலே சுண்ணாம்புப் பாறைமீது மெல்லிய, பரல் நிறைந்த மண். அதனை அடுத்துள்ளவை முசின்யி, கிரான் எஷெசோ என்னும் புகழ்மிக்க தோட்டங்கள். நடுவே களி மிகுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய அடிப்பகுதியிலோ சரிவிலிருந்து வழிந்த மண் ஆழமாகப் படிந்து, மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. இச்சரிவின் பிற ஊர்களில் இத்துணைத் தாழ்ந்த நிலத்திற்கு உயர்தகுதி வழங்கப்படுவது அரிது. மதிலுக்குள்ளும் கிரான் மோபெர்துயி, கரேன், மோந்தியோத் முதலிய உட்பெயர்கள் வழங்கின. துறவியர் காலத்தில் இவ்வேறுபாடு இடராகவில்லை. பல பகுதிகளின் மதுவையும் ஒரே உரிமையாளர் தம் விருப்பப்படி கலக்கவோ பிரிக்கவோ இயன்றது. 1551இல் மடத்தலைவர் ழான் லுவாசியே காலத்தில் கட்டப்பெற்ற மாளிகையும் அதனருகே உள்ள பெருமரப் பிழிபொறிகளும் அந்த ஒற்றையுரிமையின் எச்சங்கள்.

கோமகனின் ஆணை

நிலம் தானாகச் சிறந்த மதுவைத் தருவதில்லை என்பதற்கு 1395ஆம் ஆண்டு ஆணை தக்க சான்றாகும். கொள்ளைநோய்க்குப் பின் வேலையாள் அருகிய காலத்தில், மிகுவிளைச்சல் தரும் காமே என்னும் கொடியை உழவர் விரும்பி நட்டனர். பினோவைக் காட்டிலும் அதற்குக் கவனிப்பும் குறைவு. பர்கண்டிக் கோமகன் துணிவர் பிலிப் அதனைத் தீயதும் நேர்மையற்றதுமான கொடி எனப் பழித்து, பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார், எருவிடுதலையும் தடுத்தார். கொடிக்கு நேர்மையின்மையை ஏற்றிக் கூறும் அச்சட்டமொழி விந்தையானது. அதன் உள்நோக்கம் வாணிகமே. போன் நகரத்து மது பாரிசுக்கும் பிளாண்டர்ஸ் நகரங்களுக்கும் கோமகனின் அரசியல் நட்புகளுக்கும் செல்லும் சரக்கு. அதன் பெயர் கெட்டால் அவர்தம் பெயரும் கெடும்.

பிரெஞ்சு வரலாற்று நிலவியலாளர் ரோஜே தியோன் 1952இல் வெளியிட்ட கட்டுரையிலும், 1959இல் வெளிவந்த பெருநூலிலும் இத்தகைய சான்றுகளைக் கொண்டே நிலக்கொள்கையை மறுத்தார். சிறந்த மதுநிலங்கள் மண்ணால் தோன்றவில்லை. ஆற்றுவழி, நகரச் சந்தை, ஆயர், அரசர் ஆகியோரின் தேவை ஆகியவற்றால் தோன்றின என்பது அவர் துணிபு. கலைஞன் கையிலுள்ள மூலப்பொருள் எத்தகையதோ அத்தகையதே மதுவுக்கு மண் என்றார். பர்கண்டிக்குக் கப்பல் செல்லும் வழி அருகில் இல்லை. வண்டியில் நெடுந்தூரம் செல்லும் சரக்கு விலையுயர்ந்ததாக இருந்தாலன்றி ஆதாயம் தராது. ஆகவே அங்குச் சிறந்ததைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. தியோனின் வாதம் வன்மையானது, ஆயினும் முழுமையானதன்று. சந்தைத் தேவை ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே வட்டாரத்தில் ஒரே கொடியை ஒரே கை பயிரிட, வரப்புக்கு அப்பால் சுவை வேறாவதை அது விளக்காது. அவரை மறுப்போர் இவ்விடத்தில் நிற்கின்றனர்.

மண்ணுங்கூட மனிதர் ஆக்கியதே என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மழை அடித்துச் சென்ற மண்ணைக் கூடையில் சுமந்து மீண்டும் சரிவேற்றுதல் இங்குத் தொன்றுதொட்ட வேலை. 1760இல் கோந்தி இளவரசர் வாங்கியதால் பெயர்பெற்ற ரோமனே-கோந்தி, 1.8 ஹெக்டேரளவே உள்ளது. உலகின் மிக உயர்ந்த விலைபெறும் சிவப்பு ஒயின்களுள் ஒன்று அங்கிருந்து வருகிறது. அந்நிலத்திற்கே 18ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து மண் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டப்பட்டது. ‘சிவப்பு’ என்பதும் மாறாத பண்பன்று. 1728இல் இலண்டனில் வெளியான குளோத் அர்நூவின் நூல் வொல்னே ஊரின் மதுவைக் கவுதாரிக் கண் நிறத்ததாகக் குறிக்கிறது. தோலோடு நெடுநாள் ஊறிக் கருஞ்சிவப்பேறிய மது பெருவழக்கானது அதற்குப் பின்னரே.

பிரிவினையும் பெயரும்

1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் உடைமைகளை நாட்டுடைமையாக்கியது. 1791இல் குளோ த வூஜோ ஏலத்தில் விற்கப்பட்டது. உரிமையாளர் மாறினரேயன்றித் தோட்டம் பிரியவில்லை. ஊவ்ரார் குடும்பத்தார் கையில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அது ஒன்றாகவே இருந்தது. நில மதிப்பீடுகள் நூலேறியதும் இக்காலத்திலேயே என்பது இன்றியமையாத செய்தி. 1831இல் தெனி மொர்லோ கோத் தோர் தோட்டங்களைப் பற்றி எழுதியபோது மேல், நடு, கீழ் நிலங்களின் வேறுபாட்டை மறைக்கவில்லை. 1855இல் ஜூல் லவால் தம் நூலில் குளோ த வூஜோவை ரோமனே-கோந்தி, ஷாம்பெர்தன் ஆகியவற்றோடு முதல்வரிசையில் வைத்தார். போன் நகர வேளாண்குழு 1861இல் வரைந்த தரவரிசை நிலப்படமும் அதனை முதல்தரமாகவே கொண்டது.

இவர்கள் மதிப்பிட்டது எதனை? ஒரே உரிமையாளர் தம் கலவையால் ஆக்கிய மதுவை. 1889இல் தோட்டம் முதன்முறையாகப் பலருக்கு விற்கப்பட்டுப் பிரிந்தது. பின்னர் வாரிசுகளுக்குச் சமபங்கு வகுக்கும் நெப்போலியன் சட்டத்தாலும் மறுவிற்பனைகளாலும் மேலும் மேலும் துண்டாகி, இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர் உளர். சிலரிடம் சில வரிசைக் கொடிகளே உள்ளன. முழுத் தோட்டத்தின் கலவைக்கு வழங்கப்பட்ட மதிப்பு ஒவ்வொரு துண்டிற்கும் குறைவின்றிச் சென்றது. மேல்மூலையில் முசின்யியை ஒட்டியவரும், கீழே சாலையோரச் சேற்றில் உழுபவரும் ஒரே பெயரை, ஒரே தகுதியைக் குப்பியில் எழுதலாம். இங்கு நிலக்கொள்கை தன்னையே மறுக்கிறது: மண்ணே யாவும் என்பது மெய்யானால் இம்மதிலின் ஒற்றைப் பெயர் பொய், பெயர் மெய்யானால் மண் மட்டும் காரணமன்று.

பெயரின் ஆற்றலை அண்டை ஊர்களும் அறிந்திருந்தன. ஜெவ்ரே என்னும் ஊர் 1847இல் அரசாணை பெற்றுத் தன் புகழ்பெற்ற தோட்டமாகிய ஷாம்பெர்தனின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிற ஊர்களும் அவ்வழி சென்றன. ஊர் தோட்டத்திற்குப் பெயர் தருவது இயல்பு. இங்குத் தோட்டம் ஊருக்குத் தந்தது.

பூச்சியும் சட்டமும்

இதனிடையே பெருங்கேடு ஒன்று நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பிலோக்சரா என்னும் வேர்ப்பூச்சியை 1868இல் பிளான்ஷோன் முதலியோர் தென்பிரான்சில் கண்டறிந்தனர். 1878இல் அது கோத் தோரை எட்டியது. அமெரிக்கக் கொடிவேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே இறுதியில் தீர்வாயிற்று. மண்ணுக்கும் கனிக்கும் இடையே அயல்நாட்டு வேர் ஒன்று நிலையாகப் புகுந்தது. இதனை ஏற்க மனமின்றி ரோமனே-கோந்தி உரிமையாளர்கள் கரிம டைசல்பைடு என்னும் நச்சுப்பொருளை மண்ணில் செலுத்திப் பழங்கொடிகளை 1945 வரை காத்தனர். அவ்வாண்டின் விளைவு சுமார் 600 குப்பிகள். பின் கொடிகள் பிடுங்கப்பட்டன. அவற்றுள் ஒரு குப்பி 2018 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விலைபோயிற்று.

மதுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் போலிகள் பெருகின. தென்பகுதி மது பர்கண்டிப் பெயரில் விற்கப்பட்டது. நெடிய வழக்குகளுக்குப் பின் 1930இல் திஜோன் நீதிமன்றம் எல்லை பற்றிய தீர்ப்பொன்றை வழங்கியது. 1935 ஜூலையில் ஜோசப் காப்யூ முன்னின்று இயற்றிய சட்டம், பிறப்பிடப் பெயரைக் கட்டுப்படுத்தும் முறையை நாடு முழுதும் நிறுவியது. 1937இல் குளோ த வூஜோ மதில் முழுவதும் ‘கிரான் குரூ’ என்னும் உயர்தகுதி பெற்றது. மதிலை அப்படியே ஏற்பதா, உள்ளே மூன்றாகப் பகுப்பதா என்னும் நிலையில் 1336இன் மதிலே வென்றது எனலாம். 1934இல் தொடங்கிய தாஸ்ட்வன் வீரர் கழகம் என்னும் மதுச்சங்கம் பின்னர் அங்குள்ள மாளிகையையே தன் இருக்கையாக்கிப் பழங்கோல விருந்துகளை நடத்தலாயிற்று. விற்பனை சரிந்த காலத்தில் ‘தொன்மை’ எவ்வாறு புதிதாகப் புனையப்பட்டது என்பதைச் சமூகவியலாளர் ஜீல் லஃபெர்த்தே 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இச்சட்டமரபு நமக்கும் அயலானதன்று. உலக வணிக அமைப்பின் அறிவுச்சொத்து உடன்பாடு புவிசார் குறியீடுகளுக்குப் பொதுப் பாதுகாப்பும், மதுவகைகளுக்கு மட்டும் 23ஆம் உறுப்பில் கூடுதல் பாதுகாப்பும் தந்தது. பிற விளைபொருள்களுக்கும் அது வேண்டும் என இந்தியா முதலிய நாடுகள் வாதிட்டு வருகின்றன. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் இவ்வுடன்பாட்டின் வழி வந்ததே. மதுரை மல்லி 2013இலும் கம்பம் பன்னீர் திராட்சை 2023இலும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றன. எல்லைக்கோடு எவ்வூரில் நிற்கும், கோட்டுக்கு அப்பால் அதே மண்ணில் அதே கொடி வளர்ப்பவர் என்னாவார் என்னும் வினாக்களைப் பர்கண்டியார் நூறாண்டுக்கு முன்பே நீதிமன்றத்தில் எதிர்கொண்டுள்ளனர்.

பொழுது

நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பர்கண்டியார் பொழுதையும் குறித்து வைத்துள்ளனர் என்பது ஆய்வாளர்க்குக் கிடைத்த பேறு. போன் நகரில் அறுவடை தொடங்கிய நாள்களை நகராட்சிக் குறிப்புகளிலிருந்தும் மாதாகோயில் கூலிக் கணக்குகளிலிருந்தும் திரட்டி, 1354 முதல் 2018 வரையான தொடரைத் தொமா லாபே குழுவினர் 2019இல் வெளியிட்டனர். 1987 வரை அறுவடை சராசரியாகச் செப்டம்பர் 28 அளவில் தொடங்கியது; 1988 முதல் 2018 வரையான காலத்தில் அது 13 நாள் முந்திவிட்டது. கூலியாட்களுக்குக் கொடுத்த காசைக் குறித்த ஏடு ஆறரை நூற்றாண்டின் வெப்பநிலைப் பதிவாகியுள்ளது.

நிலத்தின் எல்லை 1336 முதல் மாறவில்லை, பொழுது மாறிவிட்டது. 1855இலும் 1861இலும் தோட்டங்களைத் தரம்பிரித்தோர் குளிர்மிக்க ஒரு காலத்தின் நாவினால் சுவைத்தவர்கள். அன்று நடுச்சரிவு சிறந்தது. காய் முற்றாத ஆண்டுகளே மிகுதியாதலின் வெயிலைப் பிடிக்கும் நிலம் மேலானது. வறண்ட, வெப்பமான ஆண்டுகளிலோ மேற்பகுதியின் மெல்லிய மண் விரைவில் காய்கிறது. கீழ்நிலத்துக் களி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வூஜோவின் அடிப்பகுதி உழவர், சேறு என்று இகழப்பட்ட தம் நிலத்தைப் பற்றி இப்போது வேறுவிதமாகப் பேசத் தலைப்பட்டால் அது வியப்பாகாது.